மருதம்பட்டைக்கு அனுமதி

“கால்வாய் ஒதுக்கு நிலத்தில் நிற்கும் எந்த மரத்தினதும் பட்டை, கிளை, வேர், காய் ஆகியவற்றில் எதையும், பொறுப்பு அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி எவரும் அகற்றலாகாது. அனுமதி கோரும் விண்ணப்பத்துக்கு இரு வாரங்களுக்குள் பதில் அளிக்கப்படுதல் வேண்டும்.”

விதி இவ்வளவுதான். முதல் வாக்கியம் பொதுமக்களுக்கு, இரண்டாவது கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு. அரச சேவையில் என் ஆயுளின் நல்ல பகுதியைக் கழித்துவிட்டு ஓய்வூதியத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். முதல் வகை வாக்கியத்தை மீறித் தண்டம் கட்டியவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். இரண்டாவது வகையை மீறித் தண்டம் கட்டிய ஒருவரையேனும் கண்டதில்லை.

இந்த விதி பத்து வயதிலேயே எனக்கு மனப்பாடம். வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். அதற்குக் காரணம் அப்பா.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு எதிர்ப்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பின்மதிலில் ஒரு சின்னப் படலை. அதைத் திறந்தால் கால்வாய்க்கரை. மதிலுக்கும் தண்ணீருக்கும் இடையில் யாரும் நடாத மரங்கள் சில நின்றன. ஒரு நாவல், வளைந்து தண்ணீரைத் தொட்ட இரண்டு புங்கை, எல்லாவற்றுக்கும் மேலாக வெளிறிய அடிமரத்துடன் ஒரு பெரிய மருது. கொழும்பு நகரமாவதற்கு முன்பு அங்கே இருந்த காட்டின் மிச்சம் அது என்று அப்பா சொல்வார். ஒழுங்கைக்காரர் அதைக் குப்பை கொட்டும் இடம் என்று சொன்னார்கள். இரண்டும் உண்மைதான்.

அப்பா எழுதுவினைஞர், கிளாக்கர். அவர் வேலை செய்த கந்தோருக்கும் மரங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் விடிந்ததும் படலையைத் திறந்துகொண்டு போய் மரங்களைப் பார்த்துவிட்டு வருவார். கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. இருக்கிறதென்றால் அது தை, மாசி மாதங்களின் விடியற்காலைதான். (ஜனவரியைத் தை, பெப்ரவரியை மாசி, மார்ச்சைப் பங்குனி என்றுதான் நாங்கள் சொல்வோம்.) மழை ஓய்ந்து, தரையிலிருந்து கடலை நோக்கி ஒரு மெல்லிய காற்று வீசும், புல்லில் பனி நிற்கும், எட்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்து வெயில் சுடும். அந்தக் குறுகிய குளிரில்தான் மருது இலை உதிர்க்கத் தொடங்கும். இலைகள் செம்பு நிறமாகி, ஒவ்வொன்றாக, யாரோ எண்ணிக் கொடுப்பதுபோல விழும். அப்பா மேல்சட்டை இல்லாமல் தோளில் துவாயுடன் நின்று அண்ணாந்து பார்ப்பார். கைக்கெட்டும் கொப்புகளில் குருவிச்சை என்ற ஒட்டுண்ணிச் செடி பிடித்திருந்தால் கத்தியால் சீவி எறிவார். அடிமரத்தில் கறையான் மண் ஏறியிருந்தால் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து விடுவார். சின்னக் கொப்பொன்றை நகத்தால் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்து, என்னிடமும் காட்டுவார்.

“இலை இல்லையெண்டு செத்துப்போச்செண்டு நினைக்கக் கூடாது பிள்ளை. பச்சை இருந்தால் மரம் லீவிலை நிக்குது, அவ்வளவுதான்.”

லீவு என்பது அப்பாவின் அகராதியில் மிக மரியாதையான சொல். அதற்கும் ஒரு விண்ணப்பம் உண்டு.

அந்த வருடம் அப்பாவே லீவில் நிற்கவேண்டியவர். மார்கழியில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒழுங்கையில் நடந்து வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மதிலோடு சாய்ந்து நின்றிருக்கிறார். பெரியாஸ்பத்திரியில் இதயம் பலவீனம் என்றார்கள். ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுப்பதற்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை. குளிசைதான் நாட்டில் இல்லை. பாண் ரொட்டிக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டிலிருந்து வரும் எதுவும் வராது. கொள்ளுப்பிட்டியிலிருந்து புறக்கோட்டை வரை இருந்த மருந்துக்கடைகளில் அம்மா ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பதில், அடுத்த கிழமை வந்து பாருங்கள். சமீபத்தில், நாட்டில் மீண்டும் மருந்து இல்லாமல் போனபோது அதே வரிசையில் அதே பதிலை நானும் கேட்டேன். சில நடைமுறைகள் மாறுவதில்லை.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கொட்டாஞ்சேனையில் இருந்தார். தைப்பொங்கலுக்கு வந்தவர் அம்மாவைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தாராம். மருதம்பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் பலவீனமான இதயம் தேறும், பட்டையைக் காய்ந்த சரக்காக வாங்காமல் உயிரோடு நிற்கும் மரத்தில், சூரியன் உதிக்கும் பக்கத்தில், மரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாராம்.

“உன்ரை வீட்டுக்குப் பின்னாலை மலைபோல நிக்குது. நீ ஏன் கடைகடையா அலையிறாய்?”

“இவருக்கு எப்பிடிச் சொல்லுறது அக்கா?”

“ஏன் சொல்லுறாய்?”

“சொன்னால் முதலிலை அனுமதி கேட்டு எழுதுவார். அது வரமுதல் ஆள் இருக்கமாட்டார்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தேங்காய் துருவும் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் அப்பாவைப்பற்றிச் சிரிப்பது எனக்குப் பழக்கமானது, அதனால் நானும் சிரித்தேன்.

பொங்கல் முடிந்த கிழமையிலிருந்து அம்மா மருதம்பட்டை எடுக்கத் தொடங்கினார். ஒளித்து மறைத்து இருட்டில் அல்ல. காலை பதினொரு மணிக்கு, அப்பா கந்தோரில் இருக்கும்போது, மீன் வெட்டும் கத்தியுடன் படலையைத் திறந்துகொண்டு போவார். கிழக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு. அது ஒரு கிழமைக்குப் போதும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுளகில் காயவைத்து, உரலில் இடித்து, காலையில் இஞ்சியுடன் கொதிக்கவைத்து அப்பாவின் பால் விடாத பிளேன்ரீக்குள் கலந்துவிடுவார். நிறம் ஒன்றுதான். துவர்ப்பு மட்டும் கூட. சீனி கூப்பனுக்கு அளந்து கிடைத்த காலமாதலால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அப்பா அதைக் குடிப்பார்.

“நல்ல தேயிலை எல்லாத்தையும் ஏற்றுமதி செய்து போடுறாங்கள். எங்களுக்குக் குப்பை. இதைப்பற்றி ஒரு கடிதம் எழுதவேணும்.”

எழுதியும் விட்டார் என்று நினைக்கிறேன்.

மரத்தில் காயத்தைக் கண்டபோதுதான் வீட்டில் உண்மையான எழுத்து வேலை தொடங்கியது. அப்பா விரலால் காயத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கூரான கத்தி, ஒரே ஆளின் கை, எப்போதும் கிழக்குப் பக்கம், ஆகவே கால்வாயின் அக்கரையிலிருந்து இரவில் தோணியில் வருகிறவன் என்று முடிவுசெய்தார். அந்தத் திருடன் அவருக்கு அப்போது பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தார். “ஓம், இருக்கும்” என்றார் அம்மா.

கால்வாய்ப் பொறுப்பு அதிகாரிக்கு முறைப்பாடு மூன்று பிரதிகளில் போனது. அப்பா ஆங்கிலத்தில் எழுதுவார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சிங்கள ரீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். அவரிடம் கொடுத்துச் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணைப்பார், ஏனென்றால் ஆங்கிலக் கடிதத்துக்கு அரசகரும மொழியில் எழுதவும் என்று ஒரு வரியில் பதில் வந்த அனுபவம் அவருக்கு இருந்தது. ஒட்டுமுன் என்னைக் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தி முழுக்கடிதத்தையும் தமிழில் சொல்லிக்காட்டுவார். பொறுமையாகக் கேட்பதற்கு வீட்டில் வேறு ஆளில்லை.

இரண்டு வாரம் போயிற்று. பதில் இல்லை. நினைவூட்டல் கடிதம் போயிற்று. அதற்கும் இல்லை. பதில் வரும்வரை பொதுமக்களை எச்சரிப்பது பிரசையின் கடமை என்று அப்பா ஒரு பலகை எழுதினார். அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

காரணம் சொல்லாத தடை செல்லாது என்பது அப்பாவின் கொள்கை. நல்ல நிர்வாகக் கொள்கை, இன்றைக்கும் நான் அதை மறுக்கமாட்டேன். ஆகவே பலகையில் மூன்று மொழிகளிலும், அழகான எழுத்தில், இது மருதமரம் என்றும் இதன் பட்டை இதய நோய்க்கு மருந்தாவதால் உரிக்கப்படுகிறது என்றும் மேலே எழுதினார். அனுமதியின்றி உரிப்பது குற்றம் என்பது கீழே வந்தது. இடம் போதாமல் அந்த வரி கொஞ்சம் சின்னதாகிவிட்டது. ஆணி அடித்தால் அதுவே விதிமீறல் என்பதால் பலகையைக் கயிற்றால் மரத்தில் கட்டினார். சிங்கள ரீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“ஐயோ மாத்தயா! போர்ட் போட்டா எல்லாரும் வாசிக்கும் தானே!”

“வாசிக்கத்தானே போட்டிருக்கிறன்” என்றார் அப்பா.

எல்லாரும் வாசித்தார்கள். குளிசை இல்லாத ஊரில், நெஞ்சுவலிக்கு மருந்து இன்ன இடத்தில் நிற்கிறது என்று மும்மொழியில் எழுதிக் கட்டிவைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. முதலில் ஒழுங்கையிலிருந்து வந்தார்கள். பிறகு தெமட்டகொடையிலிருந்து, வத்தளையிலிருந்து. சிலர் வீட்டுக்கு, சிலர் விற்பதற்கு. அப்பா கந்தோரில் இருக்கும் பகல் நேரம் முழுவதும் கால்வாய்க்கரையில் கத்திச் சத்தம் கேட்டது. ஒரு சனிக்கிழமை அப்பாவே ஒருவரைப் பிடித்துவிட்டார். நடுவயதுக்காரர். கையில் உரப்பை.

“அனுமதி இருக்கோ?”

“போர்டுல போட்டிருக்கீங்களே ஐயா, நெஞ்சுவலிக்கு நல்லதுன்னு. எங்கம்மாவுக்குத்தான்.”

“உரிக்கக்கூடாதெண்டும் போட்டிருக்கு.”

அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, நிதானமாக வாசித்தார். “அது சின்ன எழுத்துல இருக்குங்க ஐயா. அவசரத்துல வர்றவன் எங்க அதைப் பார்ப்பான்?”

அந்த ஆளின் உரப்பையைப் பறிக்க அப்பாவுக்கு அதிகாரம் இல்லை. அதுவும் விதியில் இருந்தது.

மாசி நடுவில் மருதில் ஒரு இலை இல்லை. அடிமரத்தைச் சுற்றி, ஒரு ஆள் உயரத்துக்கு, பட்டை போய்ச் சிவந்த சதை தெரிந்தது. அப்பா பால்காரரின் மாட்டுக்கொட்டிலிலிருந்து சாணம் வாங்கிவந்து களிமண்ணுடன் குழைத்து மரம் முழுக்கப் பூசினார், அதற்குமேல் சாக்கைச் சுற்றி, தும்புக் கயிற்றால் கட்டினார். மூச்சு வாங்க, இடையிடையே புங்கை வேரில் உட்கார்ந்து உட்கார்ந்து செய்தார். மேற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பட்டைத் துண்டு மேலிருந்து கீழ்வரை அறாமல் மிஞ்சியிருந்தது. இரண்டு கை அகலம்தான். இலை செய்யும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும், இது அறுந்தால் மேலே எவ்வளவு தளிர்த்தாலும் வேர் பட்டினியில் சாகும் என்று எனக்குச் சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை. மரம் நிலத்திலிருந்து சாப்பிடுகிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அவர் ஒவ்வொரு காலையும் சாக்கின் விளிம்பைத் தூக்கி அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு கொப்பைச் சுரண்டிப் பார்த்தார். பச்சை இருந்தது. ஆனால் அது லீவில் நிற்கிற மரத்தின் பச்சையா, போகிற மரத்தின் பச்சையா என்பதை அந்த மாதத்தில் யாராலும் சொல்லமுடியாது. இலை வரவேண்டும், அதுவரை காத்திருக்கவேண்டும். காத்திருப்பதில் அப்பாவுக்குத் தேர்ச்சி இருந்தது. அம்மாவுக்கு இல்லை. சாக்குக் கட்டிய நாளிலிருந்து அவரால் பட்டை எடுக்க முடியவில்லை. அந்தக் கிழமையில் அப்பாவின் கால்கள் மாலையில் வீங்கத் தொடங்கின. கந்தோரிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முடியாமல் கதிரையில் இருப்பார். அம்மா குந்தியிருந்து நூலை அவிழ்த்துவிடுவார்.

எனக்குத் தாடை வீங்கும் கூகைக்கட்டு வந்து பள்ளிக்கூடம் போகாமல் நின்ற நாட்கள் அவை. ஒரு காலை பதினொரு மணிக்கு அம்மா கத்தியை எடுத்தார். தனியே வீட்டில் இருக்கப் பயந்து, தாடையைச் சுற்றிக் கட்டிய துணியோடு நானும் பின்னால் போனேன். அம்மா கயிற்றை அவிழ்த்துச் சாக்கை இறக்கினார். கிழக்குப் பக்கத்தில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. மரத்தைச் சுற்றி வந்து மேற்குத் துண்டைக் கண்டார். கையைக் கூப்பி வாய்க்குள் ஏதோ சொன்னார். அந்தத் துண்டின் நடுவில் கத்தியை வைத்துப் பாதி அகலத்துக்கு உரித்து எடுத்தார். மிச்சப் பாதியிலும் கத்தியை வைத்தபோது படலை திறந்தது.

அப்பா. மரத்தைக் காவல் காப்பதற்காக அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் குடையும் மதியச் சாப்பாட்டுப் பெட்டியும். பெட்டி திறக்கப்படவில்லை.

அவர் கத்தவில்லை. அம்மாவைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

“அதை விடும்” என்றார். “அந்தத் துண்டாலைதான் மரம் சீவிக்குது.”

“நீங்களும் இதாலைதான்.”

அம்மா இதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். தேயிலையின் தரம் பற்றி எழுதிய கடிதம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, ஒரு கணம் அவருடைய முகத்தில் சிரிப்புப்போல ஒன்று வந்து போயிற்று. புங்கை வேரில் உட்கார்ந்தார்.

“எப்பயிலையிருந்து?”

“பொங்கலிலையிருந்து.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் குடிச்சிருப்பீங்களோ? அனுமதி கேட்டு எழுதியிருப்பீங்கள்.”

“ஓம்” என்றார் அப்பா. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

அப்போதுதான் அம்மாவுக்குக் குரல் உயர்ந்தது. “நான் எடுத்தது உள்ளங்கையளவு. மரம் தாங்கினது. ஊரைக் கூப்பிட்டு உரிக்கவைச்சது உங்கட போர்ட்.” அப்பா அதையும் மறுக்கவில்லை. எழுந்து, சாக்கைத் திரும்பச் சுற்றினார். அம்மா கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து இறுக்கிக் கட்டினார்கள். பிறகு அப்பா பலகையைக் கழற்றி, எழுத்து மரத்தின் பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டு வந்தார்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் எழுதிய கடிதம்தான் அவருடைய கடிதங்களிலேயே சிறந்தது. வழக்கம்போல எனக்கு வாசித்துக்காட்டினார். முறைப்பாட்டாளர் குற்றவாளியைப் பின்னர் அறியவந்தால் தாமதமின்றி அறிவிக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதன்படி, பட்டை அகற்றியவர் தெரியவந்துள்ளார், அவர் கீழே கையொப்பமிட்டுள்ள நான், ஏனெனில் பட்டை என் வீட்டில் என் பாவனைக்கே பயன்பட்டது என்று முதற்பந்தி சொன்னது. விதிக்கப்படும் தண்டத்தைக் கட்டத் தயார். இரண்டாம் பந்தி ஒரு விண்ணப்பம்: மருத்துவத் தேவைக்காக, மரத்துக்குப் பாதிப்பில்லாத அளவில், ஒதுக்கு நிலத்தில் நிற்கும் வேறு மருதமரங்களிலிருந்து பட்டை எடுக்க அனுமதி தரவேண்டும். இணைப்பு: பட்டை, ஒரு துண்டு. அன்று அம்மா உரித்ததைக் காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டி, கடிதத்துடன் சேர்த்தே அனுப்பினார். இந்த முறை மொழிபெயர்த்த ரீச்சர் கடைசி வரியில் பேனையை நிறுத்தி, அம்மாவை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

அடுத்த காலை அப்பா பிளேன்ரீயை நகர்த்தி வைத்தார். “விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கு. அது முடியும்வரை குடிக்கிறது சரியில்லை.”

“இது உரலடியிலை மிஞ்சின கடைசிக் கொஞ்சம். ஏற்கனவே எடுத்தது.”

“அதுதான் பிரச்சினை.”

“அவங்கள் உங்களுக்குப் பதில் போடுவாங்களெண்டு இருங்கோ.”

“இரண்டு கிழமைக்குள்ளை போடவேணும்.”

“போடாட்டி?”

“நினைவூட்டல்.”

அம்மா கோப்பையைத் தூக்கி முற்றத்தில் ஊற்றினார். பிறகு குசினிக்குள் போய் அழுதார். ஒரு கோப்பைத் தேநீருக்காக ஒரு பெரிய ஆள் அப்படி அழுவது எனக்கு விசித்திரமாக இருந்தது. தேநீர்தானே, வேறு ஊற்றலாமே என்று நினைத்தேன்.

பெரியம்மா கொட்டாஞ்சேனைக் கடையிலிருந்து காய்ந்த பட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா அதை முகர்ந்து பார்த்தார். எந்த மரத்திலிருந்து, யாருடைய அனுமதியுடன் எடுத்தது என்று கேட்டார்.

“எங்கட மரத்திலையிருந்துதான் போயிருக்கும்” என்றார் அப்பா.

“மனுசன் சாகிறதுக்கும் போர்ம் நிரப்பித்தான் சாவார் போல” என்று பெரியம்மா குசினியில் சொன்னார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் போயிற்று. நினைவூட்டல் போயிற்று. அப்பா வழக்கம்போல விடியற்காலையில் படலையைத் திறந்துகொண்டு போனார். நடை மட்டும் குறுகியது. மரத்தடியில் நிற்காமல் புங்கை வேரில் இருந்தபடியே பார்த்தார். கொப்பைச் சுரண்டும் வேலை என்னுடையதாயிற்று. பச்சை என்று நான் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினார். பங்குனி நடுவில் ஒரு காலை, காலி வீதிப் பஸ் தரிப்பிடத்தில், வரிசையில் நின்றபடியே விழுந்தார். பின்னால் நின்றவர் தாங்கிப் பிடித்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசியம் இருக்கவில்லை, ஆனாலும் கொண்டுபோனார்கள். அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது.

பட்டைச் சாற்றைத் தொடர்ந்து குடித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திராது என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தன் கடைசி நாள்வரை அவர் அதை நம்பவில்லை.

அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நான்தான் படலையைத் திறந்து போனேன். சாக்கை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மேற்குப் பக்கத்தில் மிஞ்சியிருந்த பாதித் துண்டையும் காணவில்லை. ஆனால் பங்குனி முடிவில் மருது தளிர்த்தது. ஒவ்வொரு கொப்பிலும் செம்மையாக, பளபளப்பாக, முந்தைய வருடங்களைவிட அதிகமாகக்கூட. நான் ஓடிவந்து மரம் பிழைத்துவிட்டது என்று அம்மாவுக்குச் சொன்னேன். உடலில் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் செலவழித்து ஒரு மரம் கடைசியாக ஒருமுறை அப்படித் தளிர்க்கும், வேர் அதற்குள் செத்துக்கொண்டிருக்கும் என்று பிற்பாடு படித்தேன். அடுத்த வருடம் அதில் இலை உதிரவில்லை, ஏனென்றால் உதிர இலை இருக்கவில்லை. பிறகு வந்து தறித்தார்கள். முறைப்படி, அனுமதியுடன்.

பதில் வந்தது அந்தியேட்டி அன்று. அப்பாவின் முப்பத்தோராம் நாள். ஐயர் கிரியையை முடித்து எழும்பியிருந்தார். விறாந்தையில் பாய் போட்டு ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் படியில் நின்று அப்பாவின் பெயரைச் சொன்னார். நான் வாங்கினேன். நீளமான மண்ணிற உறை, அரச முத்திரை, உள்ளே தட்டையாக ஏதோ ஒன்று. பதில் வராது என்று சொன்னது அம்மா, வரும் என்று சொன்னது அப்பா. வந்துவிட்டது. அப்பா வென்றுவிட்டார். எனக்கு அவ்வளவுதான் விளங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவால் ஓடினேன்.

“அம்மா, பதில் வந்திட்டுது! அப்பா சொன்னமாதிரியே வந்திட்டுது!”

அம்மா உறையை வாங்கிப் பிரித்தார். காகிதத்தில் சுற்றிய பட்டைத் துண்டு மடியில் விழுந்தது. கடிதம் சிங்களத்தில் இருந்தபடியால் ரீச்சரிடம் நீட்டினார். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். குற்றத்தைத் தாமாக ஒப்புக்கொண்டபடியால் தண்டம் இல்லை. மருந்துத் தேவைக்குப் பட்டை எடுக்கலாம். விண்ணப்பதாரரின் சொந்தப் பாவனைக்கு மட்டும், வேறொருவருக்கு மாற்ற முடியாது. அனுப்பிய மாதிரி இத்துடன் திருப்பித் தரப்படுகிறது.

நான் அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சியை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எப்ப எழுதியிருக்கினம்?” என்று அம்மா கேட்டார்.

ரீச்சர் கடிதத்தின் மேல்மூலையைப் பார்த்தார். “பரண திகதி” என்றார். பழைய திகதி.

“எப்ப?”

ரீச்சர் சொன்னார். பங்குனியின் முதற்கிழமை. அப்பா உயிரோடு, புங்கை வேரில் உட்கார்ந்து நான் கொப்பைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கிழமை. அதிகாரி கையெழுத்திட்ட கடிதம் தட்டச்சுப் பிரதி ஒப்பிடப்படக் காத்திருக்கும், பிறகு பதிவேட்டில் இலக்கம் ஏறக் காத்திருக்கும், பிறகு முத்திரைச் செலவுக்கு ஒப்புதல் வரக் காத்திருக்கும். கையெழுத்தாகும் நாளும் வெளியே போகும் நாளும் ஒன்றல்ல என்பது கந்தோருக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். நானும் பின்னாளில் அப்படியான கடிதங்கள் பலவற்றில் கையெழுத்திட்டு மேசையின் வலப்பக்கத் தட்டில் வைத்திருக்கிறேன்.

அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. அனுமதி கிடைத்ததா இல்லையா என்பதுதானே முக்கியம், அம்மா ஏன் திகதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை முடிந்து கந்தோர்கள் திறந்த முதல் நாள் அது. அதுவரை கடிதம் தபால் கந்தோரில் காத்திருந்திருக்கும்.